தட்டச்சுப் பிழையா, படிவத்தின் பிழையா?

2005 டிசம்பர் 8ஆம் தேதி காலை, டோக்கியோ பங்குச் சந்தையில் ஜே-காம் என்ற சிறிய நிறுவனத்தின் பங்குகள் முதன்முறையாக வர்த்தகத்துக்கு வந்தன. மிஸுஹோ செக்யூரிட்டீஸ் ஊழியர் ஒருவர் வாடிக்கையாளருக்காக ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியிருந்தது. இரண்டு எண்களும் இடம் மாறிவிட்டன. ஒரு பங்கு ஒரு யென் வீதம் 6,10,000 பங்குகள் விற்பனைக்கு என்று ஆர்டர் போனது. ஜே-காம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே ஏறத்தாழ 14,500தான். திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதைத் தாண்டிச் சென்றுவிட்டார்கள். தவறு தெரிந்து ஆர்டரை ரத்து செய்ய முயன்றபோது, சந்தையின் மென்பொருளில் இருந்த ஒரு குறையால் ரத்தும் ஆகவில்லை. இழப்பு சுமார் 4,000 கோடி யென். பங்குச் சந்தையின் தலைவர் பதவி விலக நேர்ந்தது.

2009 மார்ச் 20 இரவு, மெல்போர்னிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய எமிரேட்ஸ் 407 விமானத்தின் எடை 362.9 டன். புறப்படும் வேகத்தையும் எஞ்சினுக்குத் தரவேண்டிய விசையையும் கணக்கிடும் லேப்டாப்பில் 262.9 என்று பதிவானது. விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 3, 2 என்ற இரண்டு எண்கள்தான் வித்தியாசம். நூறு டன் குறைவான விமானத்துக்கு உரிய வேகத்தில் அது எழ முயன்றது. வால்பகுதி ஓடுபாதையில் உரசி, பாதையின் எல்லையைத் தாண்டிய பிறகே தரையை விட்டது. 275 பேரோடு விமானம் பத்திரமாகத் திரும்பி இறங்கியது.

இரண்டுமே விரல் செய்த தவறு என்று சொல்லிவிடலாம். ஆனால் டேட்டா என்ட்ரி பிழைகளைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. முதலாவது, நடக்கவே முடியாத ஒன்று. இருக்கும் பங்குகளைப் போல 40 மடங்குக்கு மேல் யாராலும் விற்க முடியாது. அதை மறுப்பதற்கு வேண்டிய தகவல் எல்லாம் கணினியிடம் இருந்தது. மறுக்காமல், எச்சரித்ததோடு நின்றுவிட்டது. இரண்டாவது, நடக்கக்கூடிய ஒன்று. அந்த ரக விமானம் 262.9 டன் எடையிலும் பறக்கும். ‘இதற்குக் குறைவாகவும் இதற்கு அதிகமாகவும் இருக்கக் கூடாது’ என்ற எந்த வரம்பும் அந்த எண்ணைத் தடுத்திருக்காது.

நம் அலுவலகங்களில் பிழை என்றாலே ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று முடித்துவிடுவார்கள். அது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. நடக்க முடியாத பிழைகளைத் தடுக்கும் பொறுப்பு படிவத்தையும் டேபிளையும் வடிவமைக்கிறவருடையது. நடக்கக்கூடிய பிழைகளைப் பிடிக்க, மூலத்திலிருந்து இரண்டாவது முறை எடுப்பதும், அந்தத் தகவலுக்கு உரியவரிடமே காட்டுவதும்தான் வழி. இந்தத் துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்த விஷயங்கள் இவை. தெரிந்தும் ஏன் நம் மென்பொருள்களில் வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

விரல்கள் எங்கே தவறுகின்றன

நெதர்லாந்து கணிதவியலாளர் யாக்கோபஸ் வெர்ஹூஃப் 1969இல் எண் குறியீடுகளை எழுதுவதில் மனிதர்கள் செய்யும் பிழைகளை வகைப்படுத்தினார். ஏறத்தாழ 79 சதவீதம் ஒற்றை இலக்கம் மாறிப்போவது. சுமார் 10 சதவீதம் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறுவது, 47 என்பது 74 ஆவதுபோல. மீதி எல்லாம் சிறு சிறு பங்குகள்: இரட்டையாக வரும் ஒரே இலக்கம் இரண்டு இடத்திலும் மாறுவது (11 என்பது 22 ஆவதுபோல), ஓர் இலக்கத்தைத் தாண்டி இடம் மாறுவது, காதில் விழும் ஒலி குழப்புவது. ஃபோனில் ‘ஃபிஃப்டீன்’ என்றது ‘ஃபிஃப்டி’ ஆவது கடைசி வகை.

பிழைகள் இப்படி ஒரு ஒழுங்கோடு வருகின்றன என்பது பெரிய வசதி. எண்ணின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கத்தைச் சேர்த்து, மற்ற இலக்கங்களிலிருந்து அதைக் கணக்கிட்டுவிட்டால், பெரும்பாலான பிழைகள் தட்டிய நொடியிலேயே தெரிந்துவிடும். ஐபிஎம்மில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் இதற்கொரு முறைக்குக் காப்புரிமை கோரினார். கிரெடிட் கார்டு எண்களில் இன்றும் இருப்பது அதுதான். அதில் ஒரு ஓட்டை உண்டு: 09 என்பது 90 ஆனால் அதற்குத் தெரியாது. வெர்ஹூஃபின் முறை அந்த ஓட்டையையும் அடைத்தது. ஒற்றை இலக்கப் பிழை, அடுத்தடுத்த இடமாற்றம் இரண்டையும் அது ஒன்று விடாமல் பிடிக்கும்.

ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் வெர்ஹூஃப் முறையில் கணக்கிடப்பட்டது. அதாவது, ஒருவருடைய ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் தவறாக விழுந்தால், இணையத் தொடர்பே இல்லாத கணினியால்கூட ‘இது தவறு’ என்று சொல்ல முடியும். சில வரிகளில் எழுதக்கூடிய நிரல் அது. பள்ளிகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் புழங்கும் சிறிய மென்பொருள்கள் பலவற்றில், 12 இலக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதோடு சோதனை முடிந்துவிடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு பாதுகாப்பைக் கையில் வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் இருக்கிறோம்.

மற்ற எண்களிலும் இப்படிப் பயன்படுத்தத்தக்க அமைப்பு இருக்கிறது. பான் எண்ணில் முதல் ஐந்து இடங்கள் எழுத்து, அடுத்த நான்கு எண், கடைசி ஓர் எழுத்து. நான்காவது எழுத்து, அட்டை தனிநபருடையதா நிறுவனத்துடையதா என்று சொல்லும். ஜிஎஸ்டி எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். கடைசி இடம் சரிபார்ப்பு. வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில எழுத்து ‘ஓ’வைத் தட்டிவிடுவதும், அதனால் பரிமாற்றம் தடைபடுவதும் அன்றாடம் நடப்பவை. ஐந்தாவது இடத்தில் ‘ஓ’ விழுந்தால் அதைத் தானாகப் பூஜ்யமாக மாற்றிக்கொள்ளும்படி எழுதினால், அந்தப் பிழை என்ற ஒன்றே இருக்காது. ஆபரேட்டருக்குப் பயிற்சி வகுப்பு வேண்டியதில்லை.

வங்கிக் கணக்கு எண்ணின் கதை வேறு. வங்கிக்கு வங்கி அதன் நீளம் வேறு, அமைப்பு வேறு. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றங்களில் பெயரைப் பார்க்காமல் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்பது நெடுங்கால நடைமுறை. ஓர் இலக்கம் மாறினால் பணம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். பணம் அனுப்புகிறவருக்குப் பெறுநரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் வங்கிகள் செய்துதர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் இறுதியில் உத்தரவிட்டது. எண்ணைத் தட்டிய கையோடு பெயர் திரையில் வந்தால், பணம் அனுப்புகிறவர் தானே நிறுத்திக்கொள்வார்.

இரண்டாவது முறை தட்டுவது

துளையட்டைக் காலத்தில் இதற்கென்றே ஒரு இயந்திரம் இருந்தது. ஒரு ஆபரேட்டர் படிவத்தைப் பார்த்து அட்டையில் துளையிடுவார். இன்னொருவர் அதே படிவத்தை வைத்துக்கொண்டு, அதே அட்டையைச் சரிபார்ப்பு இயந்திரத்தில் செருகி, மறுபடி முழுவதையும் தட்டுவார். துளையும் தட்டியதும் பொருந்தாவிட்டால் விசைகள் பூட்டிக்கொள்ளும். மீண்டும் முயன்றும் பொருந்தாவிட்டால் அந்தப் பத்தியின் மேல் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழும். முழுவதும் பொருந்திய அட்டையின் பக்கவாட்டில் வேறொரு வெட்டு விழும். அட்டைக் கட்டை ஓரமாகப் பார்த்தாலே எது சரிபார்த்தது, எது பார்க்காதது என்று தெரிந்துவிடும்.

கணினித் திரை வந்ததும் இந்த வழக்கம் மறைந்து, ‘அடித்ததை ஒரு தடவை பார்த்துவிடு’ என்ற வழக்கம் வந்தது. பார்ப்பது பலவீனமான சோதனை. 2011இல் பார்ச்சார்ட், பேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கண்ணால் ஒப்பிட்டுத் திருத்தியவர்களின் பதிவுகளில், இரண்டு முறை தட்டி ஒப்பிட்டவர்களின் பதிவுகளைவிடப் பல மடங்கு பிழைகள் மிஞ்சின. நாமே அடித்ததைப் படிக்கும்போது, திரையில் இருப்பதைவிட மனதில் இருப்பதைத்தான் படிக்கிறோம்.

எல்லாவற்றையும் இரண்டு முறை தட்ட ஆள் கிடையாது, காசும் கிடையாது. எதை இரண்டு முறை தட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது. தவறினால் ஆளுக்கோ பணத்துக்கோ சேதம் வரும் ஃபீல்டுகள் ஒரு படிவத்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். கணக்கு எண், மருந்தின் அளவு, ரத்தப் பிரிவு, நிலத்தின் சர்வே எண். அவற்றை மட்டும் இரண்டு முறை கேட்க வேண்டும். அப்போது முதல் முறை அடித்தது மறைந்திருக்க வேண்டும், நகலெடுத்து ஒட்டவும் விடக் கூடாது. நகலெடுத்து ஒட்ட விட்டால் சோதனை பெயரளவுக்குத்தான்.

பல பேர் பார்த்தால் பிழை தப்பாது என்ற நம்பிக்கைக்கும் ஒரு எல்லை உண்டு. 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அசலை வெளியே அனுப்பாமல் வங்கியின் உள்கணக்குக்குத் திருப்ப, திரையில் மூன்று இடங்களில் டிக் செய்து கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கொடுத்தார்கள். ஏறத்தாழ 90 கோடி டாலர் வெளியே போய்விட்டது. மூன்று பேர் ஒப்புதல் தந்த பிறகு போனது. மூவருமே, ஒன்றில் கொடுத்தால் போதும் என்று ஒரேபோல் புரிந்துகொண்டிருந்தார்கள். 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது மாறியது. மெல்போர்ன் விமானத்திலும் சரிபார்க்கும் கட்டங்கள் பல இருந்தன. லேப்டாப் தந்த வேகங்களையும் விமானக் கணினியில் உள்ளிட்ட வேகங்களையும் ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தத்தான் செய்யும். இரண்டும் அதே தவறான எடையிலிருந்து வந்தவை. சரிபார்க்கிறவர் திரையிலிருந்து திரைக்குப் போகாமல் மூலக் காகிதத்துக்குத் திரும்பினால்தான் அது சரிபார்ப்பு.

எக்செல் வழியாக வரும்போது

நல்ல டேட்டாபேஸ் வைத்திருக்கும் இடங்களிலும் தகவல் அதற்குள் வருவது பெரும்பாலும் எக்செல் கோப்பு வழியாகத்தான். அங்கே நடக்கும் மாற்றங்களை யாரும் தட்டுவதில்லை. மென்பொருளே ‘உதவி’ செய்கிறது. மரபணு ஆய்வாளர்கள் ‘செப்ட்2’, ‘மார்ச்1’ என்று சுருக்கப்பெயர் வைத்திருந்த மரபணுக்களை எக்செல் செப்டம்பர் 2, மார்ச் 1 என்ற தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. 2004இலேயே எச்சரித்துக் கட்டுரை வந்தது. 2016இல் மீண்டும் பார்த்தபோது, எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில், 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் தந்தது 2023இல்.

நம் மேசைகளில் இது வேறு முகம் காட்டும். பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்ணின் முன்பூஜ்யம் உதிர்ந்துவிடும். 12 இலக்க ஆதார் எண் ‘2.34568இ+11’ போல ஒரு வடிவத்தில் நிற்கும். அதை அப்படியே வேறு கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் தொலைந்துவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும் என்பதால் 16 இலக்கக் கார்டு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. வழி எளிது: ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறக்காமல், இம்போர்ட் வழியாக ஒவ்வொரு பத்தியின் வகையையும் சொல்லித் திறக்க வேண்டும். கணக்குப் போட அவசியமில்லாத எதையும் எண்ணாக வைக்கவே கூடாது. ஃபோன் எண்ணை யாரும் கூட்டுவதில்லை. அது எழுத்துச் சரம்தான்.

தேதியில் வரும் பிழை இன்னும் மோசமானது, பாதி மட்டும் கெடும் என்பதால். நாம் நாள்-மாதம்-ஆண்டு என்று எழுதுகிறோம். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் மாதம்-நாள்-ஆண்டு என்று படிக்கும். 25/08/2024 என்பதில் 25ஆம் மாதம் கிடையாது என்பதால் அது தேதியாகவே ஏறாது, கண்ணில் படும். 05/08/2024 சத்தமில்லாமல் மே 8 ஆகிவிடும். ஓர் ஆண்டில் இப்படி மாறிப் படிக்கக்கூடிய நாட்கள் 132. ஒரு பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், உடனே வேலையை நிறுத்திவிட்டு மூலக் கோப்புக்குப் போக வேண்டும். ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வரிசையில் கோப்புகளைப் பரிமாறிக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. திரையில் மாதத்தை எண்ணாகக் கேட்காமல் பெயராகக் காட்டினாலும் போதும்.

எக்செல்லை டேட்டாபேஸாகப் பயன்படுத்துவதன் அபாயம் 2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் தெரிந்தது. பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லாததால் 15,841 கொரோனா தொற்றுப் பதிவுகள் சில நாட்கள் கணக்கிலேயே வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது.

டேட்டாபேஸின் காவல்

எட்கர் காட் 1970இல் உறவுநிலை மாதிரியை முன்வைத்தார். அந்த மாதிரியில் அமைந்த டேட்டாபேஸ் மென்பொருள்களில் காவல் ஏற்பாடுகள் உண்டு. இந்தப் பத்தி காலியாக இருக்கக் கூடாது, இந்த மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது, இந்தக் குறியீடு அந்த டேபிளில் இருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், டிஸ்சார்ஜ் தேதி அட்மிஷன் தேதிக்கு முந்தையதாக இருக்கக் கூடாது என்றெல்லாம் டேபிளிலேயே எழுதிவைக்கலாம். படிவத்தில் மட்டும் சோதனை வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தகவல் படிவம் வழியாக மட்டும் வருவதில்லை. மொத்தமாக இம்போர்ட் செய்யும்போதும், யாரோ நேரடியாக ஒரு கட்டளையை ஓட்டும்போதும் படிவத்தின் சோதனைகள் அங்கே இருப்பதில்லை.

மென்பொருளே காவலைத் தளர்த்தி வைத்திருந்த காலமும் உண்டு. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ‘செக்’ நிபந்தனையை எழுதினால், 2019இல் வந்த 8.0.16 பதிப்பு வரை, பிழை காட்டாமல் வாங்கிக்கொண்டு அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். கடுமையான பயன்முறை இயல்பாகவே இயங்கத் தொடங்கியது 2015இல் வந்த 5.7 பதிப்பில்தான். அதற்கு முன் நீளமான சொல்லை வெட்டிச் சேமித்து, செல்லாத தேதியை எல்லாம் பூஜ்யமாக்கி வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் தொடங்கிய டேட்டாபேஸ்கள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பதிப்பைப் புதுப்பித்தாலும் உள்ளே இருக்கும் பழைய வரிசைகள் தானாகத் திருந்துவதில்லை.

இப்படி வெட்டுவது தமிழில் எப்படி வந்து முடியும் என்று பார்க்கலாம். ‘கோவிந்தராஜன்’ நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் அது 12 குறிகள், யுடிஎஃப்-8இல் 36 பைட். பெயருக்குப் பத்து இடம் போதும் என்று பத்தியை அமைத்திருந்தால், பழைய மைஎஸ்கியூஎல் முதல் பத்துக் குறிகளை மட்டும் வைத்துக்கொள்ளும். மிஞ்சுவது ‘கோவிந்தராஜ’. அரைகுறையாகத் தெரியாத, படிக்கக்கூடிய ஒரு சொல் என்பதால் யார் கண்ணிலும் படாது. ரேஷன் கார்டில் ஒரு பெயரும் பட்டாவில் வேறு பெயரும் கொண்ட ஒருவர் இப்படித்தான் உருவாகிறார்.

தமிழில் இன்னொரு தொல்லை, ஒரே தோற்றம் கொண்ட வேறு வேறு குறிகள். ‘கொ’வில் இருக்கும் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. டேட்டாபேஸுக்கு அவை இரண்டு சொற்கள். இதை யூனிகோடின் இயல்பாக்கம் சரிசெய்துவிடும். சேமிக்கும் முன் அதை ஒருமுறை ஓட்டினால் போதும். ஔகாரக் குறியின் இரண்டாம் பகுதிக்குப் பதிலாக ‘ள’ எழுத்தையே அடித்துவிடுவதையோ, ‘க’ என்ற எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ஒன்றை அடித்துவிடுவதையோ இயல்பாக்கம் திருத்தாது. அதற்கு நாமே விதி எழுத வேண்டும்: சொல்லின் நடுவே தமிழ் எண் வந்தால் நிறுத்திக் கேள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பெயர்களின் கதை இதைவிடச் சிக்கல். அங்கே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகள்தான், தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. மாற்றியை வைத்து யூனிகோடுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு தமிழ் ஆசிரியரைக் கொண்டு மாதிரிக்குச் சில நூறு பெயர்களையாவது படிக்கச் சொல்வது நல்லது.

கட்டாயப்படுத்தினால் பொய் வரும்

காவலைக் கடுமையாக்கிக்கொண்டே போனால் பிழை குறையும் என்று தோன்றும். ஓர் எல்லை வரைதான் குறையும். அதற்கு மேல், தெரியாத தகவலைக் கட்டாயமாகக் கேட்கும் ஒவ்வொரு ஃபீல்டும் பொய்யை உற்பத்தி செய்யும். அடுத்த திரைக்குப் போக வேண்டும், வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். ஆபரேட்டர் ஃபோன் எண்ணில் பத்து 9 அடிப்பார். தந்தை பெயரில் ஒரு புள்ளி வைப்பார். பிறந்த தேதியில் ஜனவரி 1 போடுவார். இவற்றைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. இல்லாத கதவை அவர் சுவரில் திறந்துகொள்கிறார். கெடுதல் என்னவென்றால், காலியாக இருந்திருந்தால் ‘தெரியாது’ என்று தெரிந்திருக்கும். இப்போது தெரிந்ததுபோல் நிற்கிறது.

முதியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயதுகள் 0, 5 என்று முடியும் எண்களில் குவிவதை மக்கள்தொகை ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அந்தக் குவிதலை அளக்கத் தனிக் குறியீடே வைத்திருக்கிறார்கள். முந்தைய ஆதார் அட்டைகள் பலவற்றில் பிறந்த ஆண்டு மட்டும் அச்சாகியிருந்தது. அது சரியான அணுகுமுறை: எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டும் வாங்கிக்கொள்வது. தேதியோடு கூடவே ‘ஆவணப்படி, ஆண்டு மட்டும், தோராயம்’ என்று ஒரு சிறு ஃபீல்டு வைத்தால் பின்னால் கணக்கெடுக்கிறவருக்கு எதை நம்பலாம் என்று தெரியும். ‘தெரியாது’, ‘பொருந்தாது’, ‘கேட்கவில்லை’ மூன்றும் வேறு வேறு; மூன்றையும் ஒரே காலியிடத்தில் போட்டு வைத்தால் பிரிக்கவே முடியாது.

பெயரில் இந்தக் கட்டாயம் தமிழர்களை வாட்டுவதுபோல் வேறு யாரையும் வாட்டுமா என்று தெரியவில்லை. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்துக் கேட்கும் படிவங்கள் நமக்கு வெளியே உருவானவை. நமக்கு இருப்பது ஒரு பெயர், தந்தை பெயரின் முதலெழுத்து. பான் விண்ணப்பத்தில் முதலெழுத்து வைக்க அனுமதி இல்லை. குடும்பப் பெயர் கட்டாயம். ஆதாரில் முழுப்பெயருக்கு ஒரே ஃபீல்டு. சுப்பையா மகன் முருகன் ஓர் இடத்தில் ‘எஸ். முருகன்’, இன்னோர் இடத்தில் ‘முருகன் எஸ்’, பானில் ‘முருகன் சுப்பையா’, பாஸ்போர்ட்டில் ‘சுப்பையா முருகன்’. பிறகு பானையும் ஆதாரையும் இணைக்கப் போகும்போது பெயர் பொருந்தவில்லை என்று திரை சொல்லும். அதைத் திருத்த அவர் வேலையை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு நடப்பார். எந்த ஆபரேட்டரும் இங்கே தவறாகத் தட்டவில்லை. தமிழ்நாட்டில் பயன்படப்போகும் ஒரு மென்பொருளில் பெயரை ஆவணத்தில் இருப்பதுபோலவே ஒரே ஃபீல்டில் வாங்கி, முதலெழுத்தின் விரிவைத் தனியாக, கட்டாயமில்லாமல் கேட்பதே முறை. முகவரி அச்சிட என்ன பெயர் வேண்டும் என்று வேறாகக் கேட்டுக்கொள்ளலாம்.

பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால் எழுத்துப்பிழை வராது. ஆனால் வேறு பிழை வரும். ஆங்கில அகரவரிசையில் தமிழக மாவட்டங்களில் முதலில் நிற்பது அரியலூர். முதல் பெயரே தேர்வாகி நிற்கும்படி படிவத்தை அமைத்தால், தொடாமல் விட்டவர்கள் எல்லாரும் அரியலூர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள். பட்டியலில் கர்சர் நிற்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகர்வதற்குப் பதில் தேர்வு நகர்ந்துவிடுவதும் உண்டு. முதல் வரி காலியாக இருக்க வேண்டும். இரண்டு எழுத்து அடித்ததும் பட்டியல் சுருங்க வேண்டும். மாவட்டங்களும் அப்படியே இருப்பதில்லை. 2019, 2020இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, மயிலாடுதுறை பிறந்து எண்ணிக்கை 38 ஆனது. வாணியம்பாடி முகவரி ஒரு பதிவில் வேலூர், இன்னொன்றில் திருப்பத்தூர். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. ஊரைப் பெயராகச் சேமிக்காமல் அரசின் உள்ளாட்சி அடைவுக் குறியீட்டோடு சேமித்து, எந்தத் தேதியிலிருந்து எந்த மாவட்டம் என்பதையும் டேபிளில் வைத்தால்தான் இது தீரும்.

எச்சரிக்கைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாளில் ஐம்பது முறை ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் மென்பொருள், ஐம்பத்தோராவது முறை உண்மையிலேயே ஆபத்து வரும்போதும் ‘ஓகே’ வாங்கிக்கொள்ளும். மிஸுஹோவில் நடந்தது அதுதான். நடக்க முடியாததை மறுத்துவிட வேண்டும். அங்கே கேள்வியே கூடாது. அரிதாக நடக்கக்கூடியதற்கு ‘ஓகே’ பொத்தானைத் தராமல், அந்த எண்ணை மீண்டும் ஒருமுறை அடிக்கச் சொல்ல வேண்டும். மற்றவற்றுக்கு எச்சரிக்கையே வேண்டாம்.

யாருடைய தகவலோ, அவர் கண்ணில் பட

இவ்வளவு செய்த பிறகும் மெல்போர்ன் வகைப் பிழை மிஞ்சும்: எல்லா விதிக்கும் உட்பட்ட, ஆனால் தவறான தகவல். 1967இல் பிறந்தவருக்கு 1976, அண்ணாநகர்க்காரருக்கு அண்ணாமலைநகர், பி பாசிட்டிவுக்கு ஓ பாசிட்டிவ். இதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் உலகில் ஒருவர்தான், அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

ஆதார் பதிவு மையங்களில் ஆபரேட்டரின் திரையைத் தவிர, பதிவு செய்ய வந்தவரை நோக்கி இன்னொரு திரை வைக்க வேண்டும் என்பது விதி. பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் ஆங்கிலத்திலும் தமிழிலும் அவர் முன்னால் விழும். இந்த ஏற்பாட்டின் அருமை அதை ஒழுங்காக நடத்தும் மையத்தில் தெரியும். திரையைக் காட்டி ‘சரியா இருக்காம்மா?’ என்று கேட்டால் எவரும் ‘சரி’ என்றுதான் சொல்வார். ‘உங்க பேரை ஒருதடவை வாசிச்சுச் சொல்லுங்கம்மா’ என்று கேட்டால் பிழை வெளியே வரும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆபரேட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்து நிறுத்த வேண்டும். ஆண்டை ‘அறுபத்தேழு’ என்று சுருக்காமல் ஒவ்வொரு இலக்கமாக.

மருத்துவமனைப் பதிவு மேசையிலும், ரேஷன் கார்டு விண்ணப்பத்திலும், பத்திரப் பதிவிலும், பள்ளிச் சேர்க்கையிலும் இதே ஏற்பாடு வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். ஒரு பழைய மானிட்டரும் ஒரு கேபிளும்தான் செலவு. நேரம்தான் ஆகும், ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம் கூடுதலாக. படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஆபரேட்டரிடம் அந்த நிமிடத்தை இலவசமாகக் கேட்பது நியாயமில்லை; ஒப்பந்தத்திலேயே அதற்குக் கணக்கு வைக்க வேண்டும். தப்பிப்போன பிழை தெரியவரும்போது திருத்துவதும் சுலபமாக இருக்க வேண்டும்: பழைய மதிப்பை அழிக்காமல், எப்போது, எந்த ஆவணத்தைப் பார்த்து மாற்றப்பட்டது என்பதோடு புதியதைச் சேர்க்கும் ஒரு டேபிள். பிழை அலுவலகத்தில் உண்டானது என்று மூலப் படிவமே காட்டும்போது, திருத்தத்துக்காக அந்த மனிதரிடம் கட்டணமோ பிரமாணப் பத்திரமோ கேட்கக் கூடாது. மாதம் ஒருமுறை, ஐம்பதுக்கு ஒன்று வீதம் படிவங்களை எடுத்து, டேட்டாபேஸோடு வேறொருவர் ஒப்பிட்டு, எந்த ஃபீல்டில் பிழை அதிகம் என்று பார்த்தால், அடுத்த மாதம் எந்த ஃபீல்டை மாற்றி அமைக்க வேண்டும் என்று தெரியும். அந்தப் பட்டியலில் ஆபரேட்டரின் பெயருக்குப் பத்தி தேவையில்லை.